கறுப்பு வெள்ளை இங்க்ஜெட் அச்சுக்கு எந்த அளவுகருவி?

கறுப்பு வெள்ளை ஒளிப்படங்களைத் தாமே அச்சிடத் தொடங்குபவர்கள் பிரின்டரைத் தெரிவதிலும் தாளைத் தெரிவதிலும் அவ்வளவாகத் தடுமாறுவதில்லை. பிரின்டர் வீட்டுக்கு வந்து, இரண்டு பெட்டித் தாளும் முடிந்து, நிழற்பகுதிகள் ஏன் அடைத்துப்போகின்றன, ஒரே படம் ஒரு தாளில் மஞ்சள் ஓடியும் மற்றொரு தாளில் பச்சை ஓடியும் ஏன் வருகிறது என்ற கேள்விகள் எழும்போதுதான், அளப்பதற்கு ஏதாவது வாங்க வேண்டுமா, வாங்குவதானால் எதை வாங்குவது என்று கேட்கிறார்கள்.

இக்கேள்விக்குக் கிடைக்கும் பதில்களில் பெரும்பாலானவை வண்ண அச்சை மனத்தில் வைத்துச் சொல்லப்படுபவை. வண்ண அச்சுக்கு ஒரு தாளின் புரொபைலைச் செய்ய, அதாவது அந்தத் தாளில் பிரின்டர் நிறங்களை எப்படித் தருகிறது என்று சொல்லும் கோப்பைச் செய்ய, நூற்றுக்கணக்கான, சில வேளைகளில் ஆயிரத்தைத் தாண்டிய நிறக் கட்டங்களை அச்சிட்டு வாசிக்க வேண்டியிருக்கும். கறுப்பு வெள்ளைக்கோ வெள்ளையிலிருந்து முழுக் கறுப்புவரை 21 படிகள், நுணுக்கமாகப் பார்ப்பவருக்கு 51 படிகள் போதும். அங்கே இன்றியமையாதது எனப் புகழப்படும் வேகம் இங்கே பெரிதும் வீண். ஆனால் அங்கே கண்ணுக்குத் தப்பிவிடும் சிறு சாயல் பிழை, சாம்பல் நிறத்தில் பளிச்சென்று தெரியும். நடுநிலையான சாம்பலிலிருந்து விலகும் சாயலை மனிதக் கண் மிக விரைவில் பிடித்துவிடுகிறது. ஆகவே தெரிவின் கணக்கே மாறுகிறது. என் கருத்தில் இங்கு முதலிடம் துல்லியத்துக்கு அல்ல, மாறாத்தன்மைக்கே: ஒரே கட்டத்தின்மேல் இன்று வைத்தாலும் அடுத்த மாதம் வைத்தாலும் கருவி ஒரே எண்ணைச் சொல்ல வேண்டும். அந்த எண் உலகத் தரத்திலிருந்து சிறிது விலகியிருந்தால்கூட அச்சு கெட்டுவிடாது.

எதை அளக்கிறோம்

கறுப்பு வெள்ளை அச்சில் அளப்பதற்கு இரண்டு விடயங்கள் உண்டு. ஒன்று, ஒவ்வொரு படியும் எவ்வளவு வெளிச்சமாக அல்லது இருளாக இருக்கிறது என்பது. நிறத்தை எல், ஏ, பி என்ற மூன்று எண்களால் குறிக்கும் லாப் முறையில் இதை எல் பெறுமானமாகச் சொல்வார்கள். 0 முழுக் கறுப்பு, 100 முழு வெள்ளை. பழைய இருட்டறை வழக்கில் இதையே அடர்த்தி என்பார்கள். மற்றையது சாயல்: ஏ பெறுமானம் பச்சைக்கும் சிவப்புக்கும் இடையிலும், பி பெறுமானம் நீலத்துக்கும் மஞ்சளுக்கும் இடையிலும் அந்தச் சாம்பல் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதைக் காட்டும்.

எல்லுக்கும் அடர்த்திக்கும் உள்ள உறவு கணக்கால் கிடைப்பது. சில எண்களை மனத்தில் வைத்திருப்பது பின்வரும் ஒப்பீட்டை விளங்கிக்கொள்ள உதவும்.

| அடர்த்தி | எல் பெறுமானம் (ஏறத்தாழ) | அச்சில் எங்கே காணலாம் |
|---|---|---|
| 0.05 | 95.6 | தாளின் வெள்ளைக்கு அண்மையில் |
| 0.73 | 50 | நடுச் சாம்பல் |
| 1.60 | 18 | மேட் (மினுக்கமற்ற) தாளில் சாதாரண முழுக் கறுப்பு |
| 1.70 | 15.5 | நல்ல மேட் தாளின் முழுக் கறுப்பு |
| 2.00 | 9 | சாதாரண பளபளப்புத் தாள் |
| 2.30 | 4.5 | நல்ல பரைட்டா (பேரியம் பூச்சுள்ள) தாளின் முழுக் கறுப்பு |

இப்போது ஒரு மேட் பருத்தித் தாளை எடுத்துக்கொள்வோம். தாளின் வெள்ளை 97, முழுக் கறுப்பு 16 என்று வைத்தால் 21 படிகளுக்கு இடையே 20 இடைவெளிகள். எல் பெறுமானம் சமமாக இறங்க வேண்டுமானால் ஒவ்வொரு படியும் ஏறத்தாழ 4 அலகு குறைய வேண்டும், நடுப்படி 56.5இல் நிற்க வேண்டும். நடுப்படி 51 என்று வாசிக்கப்பட்டால் அச்சு முழுவதும் ஒரு படிக்கு மேலாக இருண்டு வருகிறது என்று பொருள். அதைவிடச் சுவையானது இருட்டு முனை: 90 வீதப் படி 17.0, 95 வீதப் படி 16.1, 100 வீதப் படி 16.6 என்று வந்தால், கடைசிப் படியில் மை கூடியும் கறுப்பு கூடவில்லை, சற்று வெளுத்திருக்கிறது. தாள் தாங்கும் அளவைவிட மை அதிகமாக விழும்போது மேட் தாள்களில் இப்படி நேரும். கண்ணால் பார்த்தால் மூன்று கட்டங்களும் ஒரே கறுப்பாகத்தான் தெரியும். அரை அலகு வித்தியாசத்தை இருட்டில் பிரித்துச் சொல்லக்கூடிய கருவிதான் மையின் உச்ச அளவைக் குறைக்க வேண்டும் என்று சொல்லும்.

எவற்றை வைத்து ஒப்பிடுவது

மேற்சொன்ன உதாரணத்திலிருந்தே முதல் அளவுகோல் கிடைக்கிறது: இருட்டு முனையில் கருவி எவ்வளவு நுணுக்கமாகவும் தடுமாறாமலும் வாசிக்கிறது. இரண்டாவது, சாயலைக் காண்கிறதா. எப்சனின் மூன்று கறுப்பு மை முறையில் கறுப்பு மைகள் இயல்பாகவே சற்று மஞ்சள் ஓடியவை. அவற்றை நடுநிலைப்படுத்த வெளிர்நீல, வெளிர்செம்மைகள் சிறிதளவு சேர்க்கப்படுகின்றன. அந்தச் சேர்க்கை தாளுக்குத் தாள் மாறி விழும்போது நிழல் ஒரு சாயலிலும் வெளிச்சம் வேறொரு சாயலிலும் நிற்கும். முழுக்கக் கரி மையால் அச்சிடுபவருக்கு இந்த அளவுகோல் அவ்வளவு முக்கியமில்லை. சாயல் தாளோடும் மையோடும் சேர்ந்தே வருவதால் அவர் சரிசெய்வதற்கு அதிகம் இல்லை.

மூன்றாவது, புறவூதா ஒளி. பல தாள்களில் வெள்ளையை மேலும் வெள்ளையாகக் காட்ட ஒளிர்வூட்டிகள் சேர்க்கப்படுகின்றன. அவை புறவூதாவை உறிஞ்சி நீலமாக உமிழ்கின்றன. கருவியின் விளக்கில் புறவூதா இருந்தால் வெள்ளைத் தாள் நீலமாக வாசிக்கப்படும், இல்லாவிட்டால் வாசிக்கப்படாது. ஐஎஸ்ஓ 13655 தரம் இதற்காகவே எம்0, எம்1, எம்2 என்ற அளவீட்டு நிலைகளை வகுத்திருக்கிறது. எம்0 புறவூதாவின் அளவை வரையறுக்காதது, எம்1 பகல் ஒளியளவில் அதைக் கொண்டது, எம்2 அதை நீக்கியது. கான்சன் பிளாட்டீன் போன்ற ஒளிர்வூட்டி இல்லாத தாளை மட்டும் பாவிப்பவர் இந்த அளவுகோலைக் கடந்துபோகலாம்.

நான்காவது, தாளின் மேற்பரப்பு. கருவி பார்க்கும் வட்டம் மூன்று நான்கு மில்லிமீற்றர் அகலமானதென்றால், வில்லியம் டேர்னர் போன்ற கரடுமுரடான தாளில் ஒரு மேட்டில் விழுந்த வாசிப்பும் ஒரு பள்ளத்தில் விழுந்த வாசிப்பும் வேறுபடும். ஐந்தாவது, மென்பொருள்: வாசித்த எண்களைக் கருவி வெளியே தருகிறதா, அல்லது தன் பெட்டிக்குள்ளேயே பூட்டி வைத்துக்கொள்கிறதா. குவாட் டோன் ரிப் போன்ற கறுப்பு வெள்ளை அச்சு மென்பொருளுக்கு வேண்டியது எல் பெறுமானங்களின் ஒரு வரிசை மட்டுமே. அதைத் தராத கருவி எவ்வளவு நல்லதென்றாலும் பயனில்லை. ஆறாவது செலவு, அதைத் தனியாகப் பின்னால் பார்க்கலாம்.

கருவி இல்லாமலே: பிரின்டரின் சொந்தக் கறுப்பு வெள்ளை முறை

எப்சன் 2005இல் ஆர்2400 போன்ற பிரின்டர்களோடு மூன்று கறுப்பு மைகளையும் தனிக் கறுப்பு வெள்ளை முறையையும் கொண்டுவந்தது. பி700, பி900 வரையில் அந்த முறை தொடர்கிறது. பிரின்டர் நிறுவனத்தின் சொந்தத் தாளிலேயே அச்சிட்டு, வீட்டுச் சுவரிலும் நண்பர்களுக்கும் படம் கொடுப்பதோடு நிறுத்திக்கொள்பவருக்கு இது போதும். ஆனால் அந்த முறையின் இருள் நிலை இயல்பாகவே சற்று அதிகமாக வைக்கப்பட்டு வருவதால், படம் கறுத்து வருகிறது என்று அளவுகருவி தேடுமுன் அந்தத் தெரிவை ஒரு நிலை கீழே இறக்கிப் பார்ப்பது நல்லது. செலவில்லாத அந்த ஒரு மாற்றத்திலேயே பலரின் முறைப்பாடு தீர்ந்துவிடும்.

கணினித் திரை தேவைக்கு மேல் வெளிச்சமாக இருப்பதுதான் அச்சு இருண்டு தெரிவதற்கு மிகச் சாதாரணமான காரணம் என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். கடையிலிருந்து வந்தபடியே உச்ச வெளிச்சத்தில் எரியும் திரையைப் பார்த்துப் படத்தைச் சீர்செய்தால், ஒளியை நிறமாலையாகப் பிரித்து அளக்கும் கருவியான ஸ்பெக்ட்ரோ உலகத்தில் எதுவானாலும் அந்த அச்சைக் காப்பாற்றாது. அச்சுக்காக வேலைசெய்பவர்கள் திரையைச் சதுர மீற்றருக்கு 80 முதல் 120 கண்டெலாவரை வைத்துக்கொள்வது வழக்கம்.

ஸ்கானரும் படிப்பட்டையும்

வீட்டில் ஏற்கெனவே பிளாட்பெட் ஸ்கானர் இருப்பவருக்கு முதலில் தோன்றுவது இந்த வழி. ஸ்டௌபர் நிறுவனம் விற்கும், அடர்த்தி தெரிந்த பிரதிபலிப்புப் படிப்பட்டை ஒன்றை நமது சோதனைப் பட்டைக்கு அருகில் வைத்து, இரண்டையும் ஒரே ஸ்கானில் 16 பிட்டில் எடுத்து, தெரிந்த படிகளின் எண்களை வைத்துத் தெரியாத படிகளின் அடர்த்தியைக் கணக்கிடுவதே முறை. ஸ்கானர் மென்பொருளின் தானியங்கித் திருத்தங்கள் அனைத்தையும் நிறுத்தி, விளக்கைச் சூடாக விட்டு, இரண்டு தடவை எடுத்துச் சராசரி பார்த்தால், வெளிச்சத்திலிருந்து நடுச் சாம்பல்வரை கிடைக்கும் எண்கள் மரியாதைக்குரியவை. கரடுமுரடான தாளில் ஸ்கானருக்கு ஒரு சாதகமும் உண்டு: ஒரு கட்டம் முழுவதையும் சராசரியாக்க முடிவதால் மேடு பள்ளத்தின் தொல்லை குறைகிறது.

சிக்கல் இருட்டில்தான். கண்ணாடிக்குக் கீழே சிதறும் ஒளி, அருகிலுள்ள வெள்ளைப் பகுதியிலிருந்து கறுப்புக் கட்டத்துக்குள் கசிகிறது. அதனால் வெள்ளைத் தாளால் சூழப்பட்ட கறுப்புக் கட்டமும் கறுப்பால் சூழப்பட்ட அதே கட்டமும் வேறு வேறு எண்களைத் தரும். கறுப்பு அட்டையில் துளைவெட்டி ஒவ்வொரு கட்டத்தையும் மறைத்து எடுப்பது இதைக் குறைக்கும், முற்றாக நீக்காது. நமது உதாரணத்தில் இருந்த 16.1க்கும் 16.6க்கும் இடைப்பட்ட வித்தியாசத்தை ஸ்கானரை நம்பிச் சொல்ல நான் துணியமாட்டேன். பளபளப்புத் தாளில் எல் 5க்குக் கீழ் நிலைமை இன்னும் மோசம்.

சாயலும் இதன் கைக்கு எட்டாதது. ஸ்கானரின் சிவப்பு, பச்சை, நீல உணரிகள் மனிதக் கண்ணைப் போலப் பார்ப்பவையல்ல. வெள்ளிப் படிப்பட்டையின் சாம்பலும் இங்க்ஜெட் மையின் சாம்பலும் கண்ணுக்கு ஒன்றாக இருந்தும் ஸ்கானருக்கு வேறாகலாம். படிகளின் ஒழுங்கைச் சீராக்க மட்டும் வேண்டும், சாயலைக் கண்ணே பார்த்துக்கொள்ளும் என்பவருக்கு, குறிப்பாக ஒற்றைக் கரி மையால் மேட் தாளில் அச்சிடுபவருக்கு, இது உண்மையான தெரிவு. மற்றவர்களுக்கு இது ஓர் இடைக்கால ஏற்பாடு. கைபேசிக் கமெராவையும் அதன் செயலிகளையும் இந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டாம். வெளிச்சத்தையும் வெள்ளையையும் தானாகவே மாற்றிக்கொள்ளும் ஒன்று அளவுகருவி ஆகாது.

டென்சிற்றோமீற்றர்

அடர்த்தியை அளப்பதற்கென்றே செய்யப்பட்ட கருவி இது. இருட்டறையில் வேலைசெய்து பழகியவர்களுக்கு இந்தப் பெயரே ஒரு நம்பிக்கை. அச்சகங்கள் கணினிமயமாகி, பழைய எக்ஸ்ரைட் கருவிகள் மலிவாகக் கைமாறும்போது, கொழும்பில் புறக்கோட்டை, மருதானைப் பக்கத்து அச்சகங்களோடு தொடர்புள்ள ஒருவருக்கு அவற்றில் ஒன்று கிடைப்பது நடக்காத காரியமல்ல. இருட்டு முனையில் இவை உறுதியானவை. ஒரே கட்டத்தில் திரும்பத் திரும்ப வைத்தாலும் எண் அசைவதில்லை.

ஆனால் வாங்குமுன் மூன்று விடயங்களைப் பார்க்க வேண்டும். முதலாவது, இவை பெரும்பாலும் அடர்த்தியை இரண்டு தசம தானங்களுக்கே காட்டும். இருட்டில் 0.01 அடர்த்தி என்பது எல் அளவில் கால் அலகு. அங்கே அது நல்ல நுணுக்கம். தாளின் வெள்ளைக்கு அருகில் அதே 0.01 ஏறத்தாழ 0.85 அலகு. அதாவது 0.05க்கும் 0.06க்கும் இடையில் எல் 95.6இலிருந்து 94.8க்குத் தாவுகிறது. முகத்தின் தோல், மேகம், வெள்ளைச் சேலையின் மடிப்பு ஆகிய நுண்ணிய வெளிச்சங்களெல்லாம் நிற்கும் இடத்தில் கருவி மொட்டையாகிவிடுகிறது. டென்சிற்றோமீற்றரைச் சிபாரிசு செய்பவர்கள் இதைச் சொல்லி நான் கேட்டதில்லை.

இரண்டாவது, அச்சகக் கருவிகள் பலவற்றில் ஒளிமுனைவாக்க வடிகட்டி பொருத்தப்பட்டிருக்கும். ஈரமான மையின் மினுமினுப்பை நீக்கிப் பார்க்க அது அச்சகத்துக்கு வேண்டும். நமக்கு அது அச்சின் கறுப்பை உண்மையில் கண்ணுக்குத் தெரிவதைவிட ஆழமானதாகக் காட்டும். எனவே அந்த எண்ணை வேறு கருவியின் எண்ணோடு ஒப்பிடக்கூடாது. மூன்றாவது, சாயல். நீல, பச்சை, சிவப்பு வடிகட்டிகளின் மூன்று அடர்த்திகளையும் ஒப்பிட்டு எந்தப் பக்கம் சாய்கிறது என்று மட்டுமட்டாகச் சொல்லலாமே தவிர ஏ, பி எண்கள் கிடைக்கா. எக்ஸ்ரைட்டின் 500 வரிசையில் லாப் பெறுமானங்களையே தரும் மொடல்கள் உண்டு. அவை பெயரளவில் மட்டுமே டென்சிற்றோமீற்றர்கள், கிடைத்தால் மேலே சொன்ன குறைகள் பெரும்பாலும் விலகும்.

சயனோடைப், பிளாட்டினம் போன்ற பழைய முறைகளுக்காக இங்க்ஜெட்டில் நெகட்டிவ் செய்பவர்கள் புறவூதா அடர்த்தியை ஊடுருவிப் பார்க்கும் 361டி போன்ற கருவி இல்லாமல் முடியாது என்று நினைக்கிறார்கள். நெகட்டிவின் உச்ச அடர்த்தியை ஆராய அது வசதியானதுதான். எனினும் படிகளைச் சீராக்குவதற்கு, அந்த நெகட்டிவிலிருந்து எடுத்த இறுதிப் பிரதியையே பிரதிபலிப்புக் கருவியால் அளந்தால் போதும். நெகட்டிவ், இரசாயனம், வெளிச்சம் மூன்றின் விளைவும் சேர்ந்து அதில் வந்துவிடுகிறது.

வண்ணப்பூச்சுக் கடைகளுக்கான சிறு கருவிகள்

நிக்ஸ், டேட்டாகலர் கலர்ரீடர் வகையில் உள்ளங்கைக்குள் அடங்கும் கருவிகள் லாப் எண்களைக் கைபேசிக்கு அனுப்புகின்றன, விலையும் குறைவு. சுவர் வண்ணத்தை ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகச் செய்யப்பட்டவை இவை. இரண்டு தாள்களின் வெள்ளையையோ நடுச் சாம்பலையோ ஒப்பிட இவை உதவும். 51 படிகளை ஒவ்வொன்றாக வைத்துக் கையால் எழுதிக்கொள்ளும் பொறுமையையும், ஆழ்ந்த கறுப்பில் இவற்றின் சொல்லை நம்பும் துணிவையும் நான் எதிர்பார்க்கமாட்டேன்.

தொடக்க நிலை ஸ்பெக்ட்ரோக்கள்

இந்த வரிசையில் நாம் சந்திப்பது முக்கியமாக ஒரே கருவியின் மூன்று பெயர்கள்: 2008இல் எக்ஸ்ரைட் கலர்மங்கி போட்டோவாக வந்து, பின்னர் ஐ1 ஸ்டூடியோ ஆகி, 2021இல் ஒளிப்படக் கருவிகள் கலிபிரைட் நிறுவனத்தின் கைக்குப் போனபின் கலர்செக்கர் ஸ்டூடியோ ஆனது. உள்ளே இருக்கும் முறை அடிப்படையில் ஒன்றே. வெள்ளை எல்ஈடி விளக்கு 45 பாகையில் விழ, நேர் மேலிருந்து நிறமாலையாகப் பிரித்து வாசிக்கிறது. அந்த விளக்கில் புறவூதா இல்லை என்றே சொல்லலாம்; ஆகவே ஒளிர்வூட்டி உள்ள தாளிலும் எம்2 போன்ற வாசிப்பே கிடைக்கும். அது குறையாகச் சொல்லப்படுவதுண்டு. கறுப்பு வெள்ளை அச்சில் நாம் சீராக்குவது பெரும்பாலும் எல் பெறுமானத்தை என்பதால் இதை நான் குறையாகக் கருதுவதில்லை. மாறாக, கண்ணாடிச் சட்டத்துக்குள் வைக்கப்பட்ட படத்தை வீட்டு விளக்கில் பார்ப்பவர் காண்பதற்கு அது நெருக்கமானது.

நிறமாலையாகப் பிரித்து வாசிப்பதால் கிடைக்கும் இன்னொரு நன்மை பேசப்படுவதில்லை. வடிகட்டிக் கருவி ஓர் ஒளியில் சாயல் எப்படி என்று மட்டும் சொல்லும். 2000ஆம் ஆண்டளவில் வந்த எப்சன் 2000பி பிரின்டரில் அறைக்குள் நடுநிலையாகத் தெரிந்த சாம்பல் பகல் வெளிச்சத்தில் பச்சை ஓடியது பலருக்கு நினைவிருக்கலாம். நிறமாலைத் தரவு கையில் இருந்தால் பகல் ஒளிக்கும் மஞ்சள் விளக்குக்கும் தனித்தனியே ஏ, பி பெறுமானங்களைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். வெள்ளவத்தை அடுக்குமாடி வீட்டில் யன்னலோரம் ஒரு படமும் மின்விளக்கின் கீழ் இன்னொன்றும் தொங்கப்போகின்றன என்றால் இது வெறும் ஆராய்ச்சியல்ல.

இதன் சொந்த மென்பொருள் வண்ணப் புரொபைலுக்காகச் செய்யப்பட்டது. 21 படிகளின் எல் பெறுமானம் வேண்டுமென்றால் வேறு மென்பொருளுக்குப் போக வேண்டும். ஆர்ஜில் சிஎம்எஸ் என்ற இலவசத் தொகுப்பு இந்தக் கருவியை நன்றாக அறியும். கட்டளைகளைத் தட்டச்சிட்டு இயக்க வேண்டிய அதன் முகத்தைப் பார்த்துப் பின்வாங்குபவர்கள் பலர். விண்டோஸில் அதற்கெனத் தனி டிரைவரையும் நிறுவ வேண்டும். ஒரு தடவை பழகிவிட்டால் வாசித்த எண்கள் வெறும் எழுத்துக் கோப்பாகக் கிடைக்கின்றன, எங்கும் கொண்டுபோகலாம். கருவியைப் பட்டையின்மேல் இழுத்து வாசிப்பதற்குக் கட்டங்கள் சற்றுப் பெரிதாக இருக்க வேண்டும். வண்ண அச்சில் அது தாளை விரயமாக்கும், 21 படிகளுக்கு அது ஒரு பொருட்டல்ல. கரடுமுரடான தாளில் இழுப்பதை விட்டுவிட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் இடம் மாற்றி மூன்று தடவை வைத்துச் சராசரி எடுப்பது நல்லது.

இதே கருவி கணினித் திரையையும் அளக்கும் என்பதால், திரைக்கெனத் தனியாக ஒன்று வாங்கும் செலவு மிச்சம்.

டேட்டாகலரின் ஸ்பைடர்பிரின்ட் இதற்குப் போட்டி. கட்டம் கட்டமாக வைத்து அழுத்தியும், பட்டையாக இழுத்தும் வாசிக்கலாம். சாம்பல் கட்டங்களை அதிகமாகக் கொண்ட தாளை அதன் மென்பொருளே தருகிறது. அந்த மென்பொருளுக்குள் இருந்தபடியே வண்ணத்தையும் கறுப்பு வெள்ளையையும் ஐசிசி என்ற பொதுத் தரப் புரொபைல் வழியாகச் செய்ய நினைப்பவருக்கு அது எளிது. ஆர்ஜில் அதை ஆதரிப்பதில்லை. மென்பொருள் நிறுவனத்தின் கையில் இருக்கும்வரைதான் கருவிக்கு உயிர். இரண்டும் ஒரே விலையில் கிடைத்தால் முன்னையதையே தெரிவேன்.

ஐ1 புரோ வரிசை

தொழிலாக அச்சிடுபவர்களின் கருவி இது. முதல் ஐ1 புரோ, 2012இல் வந்த ஐ1 புரோ 2, 2019இல் வந்த ஐ1 புரோ 3 ஆகிய மூன்றும் சந்தையில் புழங்குகின்றன. முதலாவது புறவூதா நீக்கியதாகவும் நீக்காததாகவும் இரண்டு வகையாக விற்கப்பட்டது; எந்த வகை என்று தெரியாமல் பழையதை வாங்குவது வீண் வம்பு. இரண்டாவது எம்0, எம்1, எம்2 மூன்றையும் தருகிறது, ஆனால் பட்டையை இரண்டு தடவை இழுக்க வேண்டும். மூன்றாவது ஒரே இழுப்பில் தருகிறது. மூன்றாவதின் பிளஸ் வகை 8 மில்லிமீற்றர் அகல வட்டத்தோடும் ஒளிமுனைவாக்க வடிகட்டியோடும் வருகிறது. கரடுமுரடான தாளுக்கும் துணிக்கும் அது பொருந்தும்.

மாறாத்தன்மையில் இவற்றை மிஞ்சுவது கடினம். வெள்ளையில் திரும்பத் திரும்ப வாசித்தால் ஏற்படும் விலகல் 0.1 அலகுக்குள் என்றும், ஒரு கருவிக்கும் இன்னொரு கருவிக்கும் இடையே சராசரி 0.4 என்றும் ஐ1 புரோ 2இன் விவரக்குறிப்பு சொல்கிறது. இந்த இரண்டாவது எண்ணைக் கவனிக்க வேண்டும்: நண்பரின் கருவியால் அளந்த தரவையும் தமது கருவியால் அளந்த தரவையும் கலந்துவிட்டால், கருவியின் நுணுக்கத்தால் கிடைத்த நன்மை அங்கேயே போய்விடும்.

வண்ணமும் கறுப்பு வெள்ளையும் சேர்த்து அச்சிடுபவர், பல தாள்களுக்குப் புரொபைல் செய்பவர், மற்றவர்களுக்காகக் கண்காட்சி அச்சு செய்துகொடுப்பவர் ஆகியோருக்கு இது சரியான இடம். லயனல் வென்ட் கலையரங்கில் தொங்கவிடும் இருபது படங்களின் சாம்பலும் ஒரே குடும்பமாக இருக்க வேண்டும், ஒன்று பழுதடைந்தால் ஆறு மாதம் கழித்து அதேபோல் இன்னொன்று அச்சிட வேண்டும் என்பவருக்கு அந்தச் செலவு நியாயமானது. கறுப்பு வெள்ளையை மட்டும், இரண்டு மூன்று தாள்களில் செய்பவருக்குப் புதிய ஐ1 புரோ 3 தேவையில்லை என்பதை எந்தத் தயக்கமும் இல்லாமல் சொல்வேன்.

விலைப்பட்டியலில் இல்லாத செலவுகள்

தொடக்க நிலை ஸ்பெக்ட்ரோ வெளிநாட்டில் ஐந்நூறு டொலருக்கு மேல். புதிய ஐ1 புரோ 3 ஆயிரத்தைத் தாண்டும். கொழும்பில் இந்த எண்ணோடு கணக்கு முடிவதில்லை. 2022இல் ரூபாவின் பெறுமதி சரிந்தபின் டொலர் விலை எதுவும் முன்போல் மனக்கணக்குக்கு அடங்குவதில்லை. 2024 ஜனவரி முதல் பெறுமதி சேர் வரி 18 வீதம். அதற்குமேல் அனுப்பும் செலவு, சுங்கத்தில் விடுவிக்கும் செலவு. பம்பலப்பிட்டிக் கணினிக் கடைகளில் மைக்குப்பி எளிதில் கிடைப்பதுபோல் ஸ்பெக்ட்ரோ கிடைப்பதில்லை. வெளிநாட்டிலிருந்து வரும் உறவினரின் பெட்டிக்குள் வந்துசேரும் கருவிக்கு உத்தரவாதம் நடைமுறையில் இல்லை என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். பழுதானால் திருப்பி அனுப்பும் செலவு கருவியின் விலையில் பாதியைத் தின்றுவிடும்.

அடுத்தது கொழும்பின் காற்று. மழைக் காலத்தில் ஈரப்பதன் எண்பது வீதத்தைச் சாதாரணமாகத் தாண்டும் ஊரில், பருத்தித் தாள் ஈரத்தை உறிஞ்சி ஓரங்களில் வளைகிறது, நிறமி மை உலர நேரம் எடுக்கிறது. அச்சு வெளிவந்த உடனே வாசித்த எண்ணும் அடுத்த நாள் வாசித்த எண்ணும், குறிப்பாக நிழற்பகுதியில், ஒன்றாக இருப்பதில்லை. எந்தக் கருவியானாலும் சோதனைப் பட்டையை ஒரே அறையில், ஒரே கால இடைவெளிக்குப் பின், அதே தாளின் இரண்டு மூன்று வெற்றுத் தாள்களை அடியில் வைத்து வாசிக்கும் பழக்கம் விலையுயர்ந்த கருவியைவிடப் பெரிய முன்னேற்றத்தைத் தரும். கருவியையும் கமெரா வில்லைகளோடு சேர்த்து ஈரம் உறிஞ்சும் பெட்டிக்குள் வைக்க வேண்டும். கருவி தன்னைச் சரிபார்த்துக்கொள்ளும் வெள்ளை ஓடான அளவோட்டில் பூஞ்சையோ விரலடையாளமோ படிந்தால் அதன்பின் வரும் வாசிப்புகள் அனைத்தும் சத்தமில்லாமல் விலகிப்போகும்.

சோதனைத் தாளும் மையும் தனிக் கணக்கு. ஒரு தாளைச் சீராக்க மையின் உச்ச அளவைக் காண ஒரு பட்டை, முதல் சீராக்கத்துக்கு ஒன்று, சரிபார்க்க ஒன்று என்று குறைந்தது மூன்று அச்சு போகும். இறக்குமதிப் பருத்தித் தாளில் இது கைக்கடிக்கும். ஏ4 தாளை நீளமாகக் கிழித்து ஒரு பட்டைக்கு ஒரு துண்டு பாவிப்பது நல்ல வழி.

யாருக்கு எது

நிறுவனத் தாளும் பிரின்டரின் சொந்த முறையும் போதுமென்பவர் கருவிக்குப் பணம் போடாமல் திரையைச் சரிசெய்யட்டும். ஒற்றைக் கரி மையோடு மேட் தாளில் நிற்பவர் ஸ்கானரோடு தொடங்கலாம். இருட்டு முனையில் திருப்தி இல்லையென்றால் நல்ல நிலையில் உள்ள ஒரு டென்சிற்றோமீற்றரைத் தேடலாம். பல தாள்களில் அச்சிட்டு, சாயலையும் கட்டுப்படுத்த விரும்பும் பெரும்பாலானவர்களுக்கு என் பரிந்துரை கலர்மங்கி வரிசைதான், பழையதாக இருந்தாலும் சரி. எப்சனின் கறுப்பு வெள்ளை முறையிலேயே நின்றுகொண்டு பட்டையை அளந்து, குவாட் டோன் ரிப்போடு வரும் துணை மென்பொருளால் ஒரு சாம்பல் ஐசிசி புரொபைல் செய்துகொள்ளவும் இதுவே போதும்.

இன்னொரு வழி, கூட்டாக வாங்குவது. ஒரு தாளுக்கான சீராக்கம் ஒரு தடவை செய்தால் மை வகையோ தாளோ மாறும்வரை நிற்கும். ஆண்டில் பெரும்பாலான நாட்கள் கருவி அலுமாரிக்குள்தான் இருக்கும். மூன்று நான்கு பேர் சேர்ந்து ஒரு பழைய ஐ1 புரோ 2 வாங்கினால் ஒவ்வொருவருக்கும் விழும் பங்கு தனியாக வாங்கும் தொடக்க நிலைக் கருவியைவிடக் குறையலாம். எல்லோரும் ஒரே கருவியால் அளப்பதால் மேலே சொன்ன 0.4 அலகுப் பிரச்சினையும் எழாது. யார் வீட்டில் வைப்பது, யார் பழுதுபார்ப்பது என்பதைப் பணம் சேர்க்குமுன்னே பேசிவிட வேண்டும்.

பழைய கருவி வாங்குவதானால், ஐ1 புரோவின் அளவோட்டில் பொறித்த தொடரிலக்கம் கருவியின் தொடரிலக்கத்தோடு ஒத்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வேறு கருவியின் ஓட்டோடு வரும் ஸ்பெக்ட்ரோவை எவ்வளவு மலிவானாலும் விட்டுவிடலாம். பிறகு உங்கள் மடிக்கணினியில் ஆர்ஜிலை நிறுவிக் கொண்டுபோய், ஒரு கறுப்புக் கட்டத்திலும் ஒரு வெள்ளைத் தாளிலும் மாறி மாறிப் பத்துத் தடவை வைத்துப் பாருங்கள். வெள்ளை அசையாமல் நின்று கறுப்பு மட்டும் ஒன்றரை அலகு ஆடினால் விளக்கோ உணரியோ களைத்துவிட்டது. விலை பேசத் தேவையில்லை.